பிறன் அமர்ந்த இருக்கை: ‘வட சென்னை’ திரைப்படம் குறித்து ஒரு திறனாய்வு

இறையியல் ஏடு ஒன்றில் ரௌடிகளின் கதையைச் சொல்லும் திரைப்படத்திற்கு இடமுண்டோ என வாசகருள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் நம் கடற்கரைச் சேகரங்களின் வாலிபர்கள் இத்தகைய படங்களைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிரசங்கிக்கும் நாமோ பெரும்பாலும் ஒருமுறையும் பார்த்ததில்லை. ‘சினிமா கேடு’ என்ற ஒரே வாக்கியத்துடன் நம் போதகம் முடிந்துவிடுகிறது. அவர்கள் கண்டது என்ன, அதில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு ஆயர்களுக்கு உண்டு.

தூத்துக்குடிக்கும் இவ்வகைப் படங்களுக்கும் உறவு பழையது. மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) படத்தில் பம்பாய்க்கு ஓடித் தலைவனாகும் சிறுவன் தூத்துக்குடியிலிருந்தே புறப்படுகிறான். ‘சிங்கம் 2’ (2013) நம் நகரைக் கடத்தற்காரரின் களமாகவே காட்டிற்று. எனினும் பேராசை, பொறாமை, துரோகம் ஆகிய மூன்றையும் ஒரே கதையில் வைத்து ஆழமாக ஆராய்ந்தது வேறொரு கடற்கரையைப் பற்றிய படம். வெற்றிமாறன் இயக்கி 2018 அக்டோபரில் வெளிவந்த ‘வட சென்னை’யே அது.

கதைப்போக்கு

படம் 1987-ஆம் ஆண்டில் ஓர் உணவு விடுதியில் தொடங்குகிறது. கொலை ஒன்றை முடித்த நால்வர் அங்கே இருக்கின்றனர். இரத்தம் தோய்ந்த ஆயுதங்கள் அவர்களருகே கிடக்கின்றன. கொல்லப்பட்டவன் யார் என்பதை இயக்குநர் நெடுநேரம் மறைத்து வைக்கிறார். பின்னரே அவன் ராஜன் என்றறிகிறோம். அவன் கடத்தல் தொழில் செய்தவன். எனினும் மீனவக் குடியிருப்பின் மக்களுக்கு அரணாக நின்று, அவர்களை அப்புறப்படுத்த முயன்ற அதிகாரத்தை எதிர்த்தவன். அவனைக் கொன்றவர்கள் அந்நியர் அல்லர். அவன் நிழலில் வளர்ந்த குணாவும் செந்திலும் அவர்தம் கூட்டாளிகளுமே.

சில ஆண்டுகளுக்குள் குணாவும் செந்திலும் இரு பகைக் கூட்டங்களின் தலைவர்கள் ஆகின்றனர். ராஜனின் மனைவி சந்திரா குணாவை மணக்கிறாள். அது அன்பினால் அன்று, உள்ளே இருந்து பழிதீர்ப்பதற்காகவே. கேரம் விளையாட்டில் முன்னேற விரும்பிய அன்பு என்னும் இளைஞன் இவ்வலையில் சிக்குகிறான். குணாவின் பொருட்டுச் சிறையில் செந்திலின் நம்பிக்கையைப் பெற்று, கேரம் போட்டியின்போதே அவனைக் குத்துகிறான். தன் தலைவனைக் காட்டிக்கொடுத்தவன் அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பதும் காட்டிக்கொடுத்தலையே என்பது இங்கே புலனாகிறது.

பொறாமை தேடுவது எது?

ராஜனைக் கொல்ல அந்நால்வரையும் தூண்டியது எது? அரசியல்வாதியின் ஆசைவார்த்தை ஒரு காரணம். ராஜனால் நேர்ந்த அவமானம் மற்றொன்று. ஆனால் இவை தீக்குச்சிகள் மட்டுமே. உள்ளே முன்னமே விறகு உலர்ந்திருந்தது. அவன் நடந்தால் மக்கள் எழுந்து நிற்கின்றனர். அவன் சொன்னால் ஊர் கேட்கிறது. இவர்கள் எத்துணை உழைத்தாலும் அவனுடைய ஆட்களே. பணம் கிடைத்தும் ஆறாத புண் இதுவே.

பேராசையையும் பொறாமையையும் நாம் ஒன்றாகவே கருதிவிடுகிறோம். பேராசைக்காரனின் கண் பொருளின்மேல் இருக்கும். பொறாமைக்காரனின் கண் மனிதன்மேல் இருக்கும். முன்னவனுக்கு மற்றொரு மலை கிடைத்தால் போதும். பின்னவனுக்கோ பிறன் நிற்கும் அதே இடம் வேண்டும். அவன் அங்கே நில்லாதிருக்கவும் வேண்டும். வள்ளுவர் ‘வெஃகாமை’க்கு ஓர் அதிகாரமும் ‘அழுக்காறாமை’க்குத் தனியே ஓர் அதிகாரமும் வகுத்தது வீண் அன்று. சவுலுக்கு அரியணை இருந்தது, சேனை இருந்தது. பெண்கள் பாடிய பாட்டில் தாவீதின் பெயருக்குக் கிடைத்த எண்ணிக்கையே அவன் உறக்கத்தைக் கெடுத்தது.

இவ்வுண்மையை ஆங்கிலப் படமொன்று இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. பால் மெக்குயிகன் இயக்கிய ‘கேங்ஸ்டர் நம்பர் ஒன்’ (2000) மிகக் கொடிய காட்சிகள் நிறைந்த படம், எல்லாரும் பார்க்கத்தக்கதன்று. 1960-களின் இலண்டனில் ஃபிரெடி மேஸ் என்னும் கூட்டத் தலைவனிடம் ஓர் இளைஞன் சேர்கிறான். தலைவனின் உடையையும் கழுத்துப்பட்டியின் ஊசியையும் வீட்டையும் அவன் விழி வாங்காமல் பார்க்கிறான். பகைவர் தலைவனைத் தாக்கப்போவது தெரிந்தும் எச்சரியாமல், தொலைவிலிருந்து காரில் அமர்ந்து வேடிக்கை பார்க்கிறான். பின்பு தான் செய்த கொலைக்குத் தலைவன் சிறை செல்ல, அவனுடைய இடம் முழுவதும் இவனுக்கு வாய்க்கிறது. முப்பதாண்டுகள் கழித்து வெளிவரும் ஃபிரெடியோ அவ்விடத்தைத் திரும்பக் கேட்கவில்லை. தான் நேசித்த பெண்ணை மணந்து அமைதியாக வாழ்ந்தாற் போதும் என்கிறான். பொறாமைக்காரனால் தாங்கமுடியாதது இதுவே: தான் திருடியதை உரியவன் பெரிதாக மதிக்கவில்லை. பிறனாக மாற முயன்ற அவனுக்குக் கதை முழுவதிலும் பெயரே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

‘வட சென்னை’யில் கொலைகாரருக்கு நேர்ந்ததும் இதனின் வேறன்று. ராஜன் இறந்தான், இருக்கை காலியாயிற்று. ஆனால் அதில் எவராலும் அமரமுடியவில்லை. குணா வீட்டையும் மனைவியையும் செல்வாக்கையும் பெற்றான். மக்கள் ராஜனுக்கு மனமாரக் கொடுத்ததை இவன் அச்சுறுத்தியே வாங்கவேண்டியிருந்தது. கொலையால் ஒருவனது இடத்தை வெறுமையாக்கலாம். அவனுடைய மதிப்பைப் பெற முடியாது.

கயிற்றைப் பிடித்த கை

முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்வோர்க்குத் துரோகத்தின் இயல்பை விளக்க நீண்ட உரை தேவையில்லை. மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயினும் அத்தொழிலின் முறையை முதியோர் வாயிலாகக் கேட்டறிந்திருக்கிறோம். கல்லின் கனத்தால் ஒருவர் ஆழத்திற்கு இறங்குவார். வள்ளத்தில் மற்றொருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து குறிப்பு வந்ததும் மேலிருப்பவர் இழுக்கவேண்டும். மூச்சு அடங்கும் அந்நேரத்தில் மூழ்கினவரின் உயிர் பிறர் கையில் இருந்தது. அக்கயிற்றை மைத்துனரிடமே கொடுப்பர், தன் உடன்பிறந்தாள் விதவையாக அவர் சம்மதியார் என்பதனால் என்று சொல்லும் வழக்கமும் உண்டு.

பகைவனால் துரோகம் செய்ய இயலாது. அவன் கையில் கயிறு இல்லை. அகித்தோப்பேல் தாவீதின் ஆலோசனைக்காரன். யூதாஸ் அதே தாலத்தில் கையிட்டவன். ராஜனும் தன் கயிற்றைக் கொடுத்திருந்தவர்களிடமே மடிந்தான். படம் கொலையை உணவு விடுதியில் நிகழ்த்தியிருப்பது நற்கருணை மேசையண்டை நிற்கும் நம்மை நடுங்கச்செய்ய வேண்டும்.

படத்தின் குறைகள்

படம் குறையற்றதன்று. முதலாவது, ராஜனின் பணம் கடத்தலில் வந்தது என்பதைச் சொல்லிவிட்டு, அக்கேள்வியைத் தொடராமல் அவனைப் புனிதனாக்குகிறது. தடைசெய்யப்பட்ட கடல் அட்டையைக் கடத்தினால் எளிதாகப் பணம் வரும் என்று நம் கடற்கரையில் அழைக்கப்படும் வாலிபனுக்கு இது நல்ல பாடமாகாது. இரண்டாவது, சிறையில் நிகழும் குத்து, அரங்கில் கைதட்டல் எழும் வண்ணமே அமைக்கப்பட்டுள்ளது; துரோகத்தின் கோரம் சாகசமாக மாறிவிடுகிறது. மூன்றாவது, தம்மை இழிவாகச் சித்திரித்ததாக மீனவ மக்கள் வருந்தியதும், இயக்குநர் வருத்தம் தெரிவித்துக் காட்சியொன்றை நீக்க இசைந்ததும் 2018-இல் நிகழ்ந்தவை. அவர் இசைந்தது பாராட்டத்தக்கது.

நான்காவது குறையே தலையாயது. முடிவில் அன்பு, குடியிருப்பைக் காக்க எழுந்து குணாவை எதிர்க்கிறான். ஊருக்கு மற்றொரு ராஜன் கிடைத்துவிட்டான் என நாம் மகிழ்கிறோம். ஆனால் அதே இருக்கை இருக்கிறது. அதைச் சுற்றி நாளை வேறு நால்வர் நிற்பர். இருக்கையைத் தானே விட்டு இறங்கும் ஒருவனைக் கற்பனை செய்யப் படத்தால் முடியவில்லை.

நமக்கு ஒரு கேள்வி

மாற்கு பத்தாம் அதிகாரத்தில் இருக்கை கேட்டு வந்தவர்கள் மீனவர்களே. செபெதேயுவின் குமாரர் வலப்பக்கமும் இடப்பக்கமும் கேட்டனர். மற்றப் பதின்மரும் எரிச்சலடைந்தது தாழ்மையினாலோ, தாங்கள் முந்திக்கொள்ளாத வருத்தத்தினாலோ? இயேசு அவர்களுக்கு வேறு இருக்கைகளைப் பங்கிடவில்லை. பணிவிடைக்காரனாகத் தாம் வந்ததைச் சுட்டிக்காட்டினார். அவரைப் பொறாமையினாலே ஒப்புக்கொடுத்தார்கள் என்பதைப் பிலாத்துவே அறிந்திருந்தான் என நற்செய்தியாளர் எழுதுகின்றனர். சிலுவைக்குப் பின்னாலும் இப்பாவமே நின்றது.

ஆகவே இப்படத்தை ‘உலகத்தாரின்’ கதையாக மட்டும் நாம் பார்க்கலாகாது. சேகரக் குழுவின் தேர்தலில் அரிவாள் இல்லை. துண்டறிக்கையும் மொட்டைக் கடிதமும் உண்டு. சபைத் தேர்தல்கள் நீதிமன்றப் படியேறுகின்றன. உடன் ஊழியருக்குப் பெரிய சேகரம் கிடைத்த செய்தி கேட்டு, நாவினால் வாழ்த்தி நெஞ்சினால் வாடாதவர் நம்முள் எத்தனை பேர்? பயிற்றுவித்த மூத்த ஆயரின் குறைகளை மேலிடத்திற்குக் கொண்டுசெல்லும் இளையோரும் உளர். வளரும் இளையோரைத் தொலைதூரச் சபைக்கு அனுப்பும் மூத்தோரும் உளர். இரு சாராரும் பார்ப்பது ஒரே இருக்கையை.

இதற்கு மருந்தாக ஆசையை அடக்குமாறு கட்டளையிடுவது போதாது. தம் சீஷர்கள் தம்மை விட்டு வேறொருவரிடம் செல்லக் கண்டும், மணவாளனின் தோழனைப்போல் மகிழ்ந்த யோவான் ஸ்நானனிடம் நாம் கற்கவேண்டும். பிறர் உயர்வில் மகிழ்வதே பொறாமைக்கு எதிரான பண்பு. அதுவும் பழகப் பழகவே வரும்.

இப்படம் வயது வந்தோர்க்கு மட்டும் எனச் சான்று பெற்றது. எனவே பதினெட்டு வயது நிரம்பிய வாலிபரோடு மட்டுமே ஆயர்கள் இதனைக் குறித்து உரையாடலாம். கொன்றவர்கள் எதைப் பெற்றனர்? எதைப் பெறவில்லை? உன் கயிறு யார் கையில், யாருடைய கயிறு உன் கையில்? இம்மூன்று கேள்விகளை அவர்களிடம் வைப்பதற்கு முன் நம் ஆயர் கூட்டங்களில் நமக்கே வைத்துக்கொள்வோமாக.