சுராங்கனி: ஒரு பொப்பிசைப் பல்லவியின் மறுபகுப்பு

இலங்கையில் 'பொப்பிசை' என்றும் தமிழகத்தில் 'பாப் இசை' என்றும் வழங்குவது ஒன்றே. டொக்டர் – டாக்டர், கொலிஜ் – காலேஜ் ஆகியவற்றில் காணப்படும் ஒகர ஆகார வேறுபாடே இங்கும் உள்ளது. இரு நிலத்தும் நிலைபெற்ற பொப்பிசைப் பாடல்களுள் 'சுராங்கனி' முதன்மையானது. சிலோன் மனோகர் எனத் தமிழகம் அறிந்த ஏ.ஈ. மனோகரன் (மறைவு 2018) இதனைப் பாடிப் பரப்பினார். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில், இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவன் குரலிலும் இது ஒலித்தது. போர்த்துக்கீசியத் தொடர்பால் இலங்கையில் உருவான பைலாவின் தாளமே இதன் நிலைபேற்றுக்குக் காரணம் என்பர். தாளம் மட்டுமே காரணமாயின் பைலாப் பாடல்கள் பலவும் இங்கு நிலைத்திருக்க வேண்டும். எனவே காரணத்தை மொழியிலும் தேடுதல் தகும்.

பல்லவி சிங்களம். சுராங்கனி என்பவளுக்கு மீன் கொண்டுவந்ததைக் கூறும் எளிய செய்தித் தொடர் அது. நான்காம் வேற்றுமை உருபாகிய '-ட' பெயரோடு சேர, அடுத்துச் செயப்படுபொருளும் இறுதியில் வினையும் வருகின்றன. தமிழ்த் தொடரமைப்பும் இதுவே. ஆயின் சாம்பியன் ரீப்ஸ் திருமணங்களில் இன்னிசைக் குழுவினர் பாட யான் கேட்ட வடிவம் வேறு. உருபு 'க்கா' என மாறியிருந்தது; வினை 'கண்ணா வா' என்றாகியிருந்தது; மீனைக் குறிக்கும் சொல் பலர் செவிக்கு ஒரு பெண்ணின் செல்லப்பெயராகப் பட்டது.

இதனை வெறும் பிழை என ஒதுக்குவதற்கில்லை. தங்கவயலில் தமிழர் தெலுங்கு, கன்னடம், உருது பேசுவோருடன் தலைமுறைகளாகக் கலந்து வாழ்பவர். இம்மொழிகளின் நான்காம் வேற்றுமை உருபுகளை நோக்குக: தமிழில் 'கு', தெலுங்கில் 'கி', 'கு', கன்னடத்தில் 'கெ', 'க்கெ', உருதுவில் 'கோ'. அனைத்தும் ககரம் உடையன. டகர உருபை இவ்வூரார் எங்கும் கேட்டதில்லை. ஆகவே ககரம் புகுந்தது இயல்பே எனலாம். எனினும் இறுதி ஆகாரத்தை இவ்விளக்கம் தீர்க்கவில்லை. உருதுவின் 'கா' ஆறாம் வேற்றுமை உருபாதலின் சிலர்க்கு அதுவும் துணைசெய்திருக்கலாம். 'சுராங்கனி அக்கா' என்பதன் பேச்சுவடிவமாகவே தமிழர் இதனைக் கொண்டனர் என்பது என் துணிபு. வினையின் மாற்றம் இதற்கு அரண் செய்கிறது. சிங்களப் பேச்சுவழக்கில் வினைமுற்று பெரும்பாலும் திணை, பால், எண், இடம் காட்டாது. ஈற்றில் '-ஏன்', '-ஆன்', '-ஆள்' என்று எதிர்பார்க்கும் தமிழ்ச் செவி அதனை வினையாகவே அறியவில்லை. விளியும் ஏவலுமாகப் பகுத்துக்கொண்டது. இவ்வாறு ஒரு செய்தித் தொடர் முழுதும் அழைப்புத் தொடராயிற்று. கூடிக் களிக்கும் இடத்தில் மீன் கொண்டுவந்த செய்தியினும் அழைப்பே பொருந்தும். பாடல் நிலைத்ததற்கு இப்பொருத்தமும் ஒரு காரணம்.

இப்பாடலை இன நல்லிணக்கத்தின் சான்றாகக் காட்டுவோர் உளர். இரு மொழியும் அறிந்த இலங்கையருக்கு அது பொருந்தலாம். இங்கோ, 1983க்குப் பின்னரும் ஒரு சிங்களப் பல்லவி தமிழ்த் திருமணங்களில் தடையின்றி ஒலித்தது; பாடியோர் பலர் அதனைச் சிங்களம் என்று அறிந்திலர். அறியாமையை நல்லிணக்கம் என்பது மிகை. அறிந்திருந்தால் பாடியிருப்பரா என்ற வினா எஞ்சுகிறது. அதற்கு விடை கூற இப்பாடல் போதாது.

2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த பாடகர் ஒருவரிடம் இஃது எம்மொழி என வினவினேன். "தமிழ்தான் சார்" என்றார். பொருளை விளக்கியபோது, "அப்ப இது கூப்பிடுற பாட்டு இல்லையா?" என்று வியந்தார். அன்றிரவு மேடையில் 'க்கா' என்றே பாடினார்.