கேள்வி சரி, வரிசை தப்பு: ஜெர்மனியின் அணுவுலை விலகல் பற்றி ஒரு திருத்தக் குறிப்பு

கூடங்குளம் பற்றிப் பேச்சு வந்தால் 2011-லிருந்து நான் எடுத்து வைக்கும் வாதம் ஒன்று உண்டு. "ஜெர்மனியே மூடுதுங்க, நாம ஏன் தொறக்கணும்?" பெரும்பாலும் எதிரே இருப்பவர் அத்தோடு அமைதியாகிவிடுவார். போன மாதம் ஒரு நண்பர் அதே ஜெர்மனியை என் மேலேயே திருப்பிவிட்டார். "மூடினாங்களே, என்ன ஆச்சு? திரும்ப நிலக்கரிக்குத்தானே போனாங்க?" சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து, இத்தனை வருஷமாக நான் மேற்கோள் காட்டிய அறிக்கையை முதல்முறையாக முழுசாக வாசித்தேன். வெட்கமான விஷயம்தான். அதிலிருந்து வந்தது இந்தக் குறிப்பு.

பின்னணி சுருக்கமாக. புதிய அணுவுலை கட்டக்கூடாது, இருப்பவை சராசரியாக 32 ஆண்டுகள் மட்டும் ஓடலாம் என்று 2002-லேயே ஜெர்மனியில் சட்டம் வந்துவிட்டது. 2010 இலையுதிர் காலத்தில் மெர்க்கலின் அரசு அந்த ஆயுளைச் சராசரியாக 12 ஆண்டுகள் நீட்டித்தது. சில மாதங்களில், 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமா. அடுத்த சில நாட்களில் பழைய உலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு. 17-இல் 8 உலைகள் அதன்பிறகு ஓடவே இல்லை.

அப்போது அரசு இரண்டு குழுக்களிடம் கருத்துக் கேட்டது. உலைப் பாதுகாப்பு ஆணையம், மின்தடை, வெள்ளம் போன்றவற்றில் ஃபுகுஷிமாவை விட நம் உலைகள் உறுதியானவை என்றது. இன்னொன்று, அறநெறி ஆணையம். 17 உறுப்பினர்கள். முன்னாள் சுற்றுச்சூழல் அமைச்சர் கிளவுஸ் டோப்ஃபர் அதன் தலைவர்களில் ஒருவர். உள்ளே ஒரு கார்டினல், சமூகவியலாளர் உல்ரிக் பெக், சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் எல்லாரும் உண்டு. பத்தாண்டுக்குள் விலகிவிடலாம் என்று மே மாத இறுதியில் சொன்னார்கள். ஜூன் 30 அன்று நாடாளுமன்றம் பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. கெடு 2022 முடிவு.

இந்த அறிக்கையின் பலம் அதன் கேள்வியில் இருக்கிறது. "உலை பாதுகாப்பானதா?" என்பது பொறியாளரிடம் கேட்கிற கேள்வி. அறநெறி ஆணையம் அதற்கு மேலே ஒன்றைக் கேட்டது: இந்த ஆபத்தை ஒரு சமூகம் ஏற்கலாமா, அதை யார் முடிவு செய்வது? மார்ச் 10-க்கும் 12-க்கும் நடுவே ஜெர்மன் உலைகளில் எதுவும் மாறவில்லை. ஜப்பான் மாதிரி ஒரு நாட்டிலேயே கணக்கு தவறும் என்றால், ஆபத்தைக் கணக்கிடும் முறை மேல் இருந்த நம்பிக்கைதான் மாறியது. அதை ஒளிக்காமல் சொன்னார்கள்.

அதே ஆண்டு நம் பக்கம் என்ன நடந்தது? மத்திய அரசு 15 பேர் கொண்ட நிபுணர் குழு போட்டது, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மாநில அரசு நான்கு பேர் குழு போட்டது. இரண்டும் "பாதுகாப்பானதா?" என்று மட்டும் பார்த்து, ஆமாம் என்று எழுதிக் கொடுத்தன. இடிந்தகரை மீனவர்கள் கேட்டது வேற கேள்வி. அது எந்தக் குழுவின் மேசைக்கும் போகவில்லை. கேட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்குதான் வந்தது. அந்த வகையில் ஜெர்மனியைக் காட்டியதற்காக நான் வருத்தப்படவில்லை.

சரி, எங்கே இடறுகிறது? ஆணையம் இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒன்று, அணு விபத்துக்கு எல்லையே கிடையாது, ஆகவே எதோடும் ஒப்பிட முடியாது என்பது. இன்னொன்று, மாற்று வழிகளோடு எடைபோட்டுப் பார்ப்பது. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன என்கிறார்கள். ஆனால் எடைபோட வேண்டுமென்றால் மறு தட்டில் நிலக்கரியை வைக்க வேண்டும். காலநிலை இலக்கைக் கைவிடக்கூடாது என்று அறிக்கையில் இருக்கிறது. நிலக்கரிக்கு மட்டும் தேதி இல்லை. 2011 சட்டத்திலும் இல்லை.

நிலக்கரிக்கென்று ஒரு ஆணையம் போட 2018 ஆனது. அதன் அதிகாரப்பூர்வப் பெயரைப் பாருங்கள்: "வளர்ச்சி, கட்டமைப்பு மாற்றம், வேலைவாய்ப்பு" ஆணையம். அணுவுக்கு அறம், நிலக்கரிக்கு வேலைவாய்ப்பு! 2020-இல் சட்டம் வந்தது. கடைசிக் கெடு 2038. நிலக்கரிப் புகையில் சாகிறவர்கள் ஒரே நாளில், ஒரே ஊரில் சாவதில்லை. அதனால் அவர்களுக்காக அவசரமாக யாரும் அறநெறி ஆணையம் கூட்டவில்லை.

கணக்கும் அதையே சொல்கிறது. 2010-இல் ஜெர்மன் அணுவுலைகள் தந்தது சுமார் 14,000 கோடி யூனிட். 2023-இல் நிலக்கரியில் எடுத்தது சுமார் 12,500 கோடி யூனிட். நண்பர் சொன்னதும் தப்பு என்பது இங்கே தெரியும்: 2010-ஐ ஒப்பிட்டால் நிலக்கரி மின்சாரம் பாதியாகிவிட்டது, காற்றும் சூரியனும் அந்த அளவு வளர்ந்தன. ஆனால் அந்த வளர்ச்சியை முதலில் நிலக்கரிக்கு எதிராகத் திருப்பியிருந்தால், நிலக்கரியில் பெரும்பகுதி இன்று இருக்காது. 1970-களின் உலைகளை எல்லாம் ஓட்டியிருக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். கடைசியாக 2023 ஏப்ரல் 15 அன்று மூடிய மூன்றும் 1980-களின் இறுதியில் ஓடத் தொடங்கியவை. அதே ஆண்டு ஜனவரியில்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக லுட்ஸெராத் கிராமத்தில் போராடியவர்களைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. நெய்வேலிப் பக்கம் நிலம் கொடுத்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

நீட்டித்து, பிறகு குறைத்ததற்கும் விலை உண்டு. வழக்குகளுக்குப் பிறகு 2021-இல் மின் நிறுவனங்களுக்குச் சுமார் 243 கோடி யூரோ இழப்பீடு.

ஆக, என் பழைய வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஜெர்மனியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது தேதியை அல்ல, கேள்வியை. அதையும் அவர்களைவிட நேர்மையாகக் கேட்க வேண்டும்: கூடங்குளத்திடம் கேட்பதையே எண்ணூரிடமும் தூத்துக்குடியிடமும் நெய்வேலியிடமும் கேட்க வேண்டும். கூடங்குளத்தில் பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே வைக்க ஐந்து ஆண்டுக்குள் இடம் கட்டச் சொன்னது 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்தக் கெடு நீட்டிக்கப்பட்டது. இதற்கிடையில் அங்கே மேலும் நான்கு உலைகளுக்குக் கட்டுமானம் தொடங்கியாகிவிட்டது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "இது ஒரு வரில அடங்கலையே" என்றார். அடங்காதுதான். ஒரு வரியில் அடக்கியதால்தான் இத்தனை வருஷம் அறிக்கையைப் படிக்காமலே வாதாடியிருக்கிறேன்.