தப்பு, வாத்தியாரே!

இங்கிலீஷ் சொல்லித்தரக் கிழக்காசியாவுக்குப் போய் வந்தவர்கள் எழுதும் புத்தகங்களில் உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் வேடிக்கைப் பொருள்தான். பீட்டர் ஹெஸ்லரின் 'ரிவர் டவுன்' (2001) விதிவிலக்கு.

அமெரிக்கரான ஹெஸ்லர், 1996-ல் பீஸ் கோர் தொண்டராக சீனாவில் யாங்ட்ஸி நதிக்கரை ஊரான ஃபூலிங்குக்குப் போனார். அங்கே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியர் நடத்தினார். கூடவே சீனமொழிக்கு டியூஷன். உச்சரிப்பு பிசகினால் டீச்சர் தாட்சண்யமே இல்லாமல் 'பு துய்' என்பார். 'தப்பு' என்று அர்த்தம். வாத்தியார் இப்படிக் குட்டு வாங்கும் பக்கங்கள்தான் புத்தகத்தின் உயிர்.

குறை? இரண்டே வருஷத்தில் ஊரையே அளந்துவிட்ட தொனி, சில இடங்களில். 2019-ல் மறுபடி சிச்சுவான் போய் நடத்தி, 2024-ல் 'அதர் ரிவர்ஸ்' எழுதினார். அதையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும்.

வெளிநாட்டில் பாடம் நடத்தப் போகிறீர்களா? முதலில் அந்த ஊர் பாஷையில் 'தப்பு' என்று சொல்ல ஓர் ஆள் தேடிக்கொள்ளுங்கள்.