எல்லைக்கல்லும் பாவ அறிக்கையும்

பாவ அறிக்கையைக் குறித்து நம்மவர் எழுதுபவை பெரும்பாலும் மேனாட்டு இறையியலாரையே துணைக்கொள்கின்றன. நீலகிரி மலையிலேயே வழங்கிய பாவ அறிக்கை ஒன்றை நாம் ஊன்றிப் படித்ததில்லை. படகர்களின் ஈமச் சடங்கில் ஓதப்பட்ட அதனைப் பாசல் மிஷன் ஊழியரான மெட்ஸ் ஐயர் தம் நூலில் குறித்தார். சார்லஸ் கோவர் 1871இல் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல்கள் தொகுப்பில் அதற்கு ஆங்கிலச் செய்யுள் வடிவம் தந்தார். அச்செய்யுள் நடை மூலத்திற்கு ஒரு வேதாகமச் சாயலை ஏற்றியிருக்கக் கூடும். ஆயினும் உட்பொருள் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை மூத்தவர் ஒருவர் அடுக்கிச் சொல்வார். சூழ நிற்போர் ஒவ்வொன்றையும் பாவம் என்று ஆமோதிப்பர். எல்லைக்கல்லை நகர்த்தியது, மலையில் வழி தவறியவனுக்குத் தவறான பாதையைக் காட்டியது, குளிரில் வந்தவனுக்கு நெருப்புக் கொடாதது, அயலானின் கறவை எருமையைக் கண்டு பொறாமை கொண்டது என அப்பட்டியல் நீள்கிறது. பின்னர் அப்பாவங்கள் ஒரு கன்றின்மேல் சுமத்தப்பட்டு, கன்று அவிழ்த்து விடப்படும். லேவியராகமம் 16ஆம் அதிகாரத்துப் போக்காட்டை இது நினைவூட்டுகிறது. பிரேசர் என்னும் மானிடவியலார் இதனை அவ்வினத்திலேயே சேர்த்தார்.

இந்த ஒப்புமையோடு நின்றுவிடுவது போதாது. இவ்வறிக்கையின் வலிமை அது பாவத்திற்குப் பெயரிடுவதில் உள்ளது. பாவம் இங்கே பொதுச்சொல் அன்று; கல், நெருப்பு, பாதை என்று கண்முன் நிற்கிறது. ஆனால் அதன் குறையும் வெளிப்படையானது. பட்டியல் எல்லாருக்கும் பொதுவானது. அறிக்கையிடுகிறவர் பாவம் செய்தவர் அல்லர். செய்தவரோ இனிப் பேச இயலாதவர். கன்று காட்டிற்குப் போயினும், நகர்த்தப்பட்ட கல் நகர்த்திய இடத்திலேயே கிடக்கிறது.

நம் நிலை இதனினும் மேலானதா? பகுதித் தேயிலை நிலத்தின் எல்லைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடிய உடன்பிறந்தார் இருவர், ஒரே வரிசையில் முழந்தாட்படியிட்டுப் பொது அறிக்கையை ஒரே குரலில் சொல்லித் திருவிருந்தில் பங்குபெற்றதை இக்கட்டுரையாளர் ஆயராகக் கண்டதுண்டு. அவர்கள் சொன்ன சொற்களில் பிழையில்லை. கல் மட்டும் அச்சொற்களில் இடம்பெறவில்லை. பாவமன்னிப்பு கடவுளுடையது, மனிதரிடம் அறிக்கையிடுவது உரோமைச் சபையின் வழக்கம் என்பர் சிலர். லுத்தரின் சிறிய ஞானோபதேசமே தனி அறிக்கைக்கு இடந்தருகிறது. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடுமாறு பணிக்கிறது. சகேயு தன் மனந்திரும்புதலைத் திருப்பிக் கொடுக்கும் அளவைக் கூறியே வெளிப்படுத்தினான்.

1950இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபைத் திருவிருந்து ஒழுங்கு இதனை உணர்ந்திருந்தது. காணிக்கைக்கு முன்னரே சமாதானத்தைக் கைக்குக் கை வழங்க அது வகைசெய்தது. மத்தேயு 5:23, 24 வசனங்களின் முறையும் அதுவே. அருகில் நிற்பவரின் கையைத் தொட்டு அமர்வதோடு அது முடிந்துவிடுகிறது. யாருக்குத் தீங்கிழைத்தோமோ அவர் பெரும்பாலும் அந்த வரிசையில் இருப்பதில்லை.

நம் பாவங்களைச் சுமக்கக் கன்று வேண்டுவதில்லை; கிறிஸ்து ஒருமுறை சுமந்து தீர்த்தார். ஆகையால் கல்லைப் பழைய இடத்தில் நடும் பொறுப்பு நீங்கிவிட்டது என்று கொள்வது அம்மன்னிப்பை அறியாதவர் பேச்சு. மன்னிக்கப்பட்டவனே அஞ்சாமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டக்கூடியவன். நம் இறப்பில் பிறர் சொல்லக்கூடியதை நாம் உயிரோடிருக்கையிலேயே, உரியவரிடமே, நம் வாயால் சொல்லுவோமாக.