புகைக்கரியின் கணிதமும் கரிசல் அடுப்பும்: கொந்தளிப்புச் சுடர் மாதிரியுருக்கள் குறித்த ஒரு மதிப்பீடு

எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியின் ‘அக்கினிக் குஞ்சு’ கவிதையில் நெருப்பு உண்டு, மரப்பொந்து உண்டு, காடு உண்டு, புகை இல்லை. கவிதைக்கு அது குறையன்று. ஆயினும், காற்றோட்டம் குறைந்த பொந்தில் வைத்த கனல் முதலில் தருவது புகையைத்தான் என்பதை அவ்வூரைச் சுற்றியுள்ள கரிசல் சிற்றூர்களில் அடுப்பெரிப்போர் அறிவர். எரிதல் அறிவியலும் நெடுங்காலம் சுடரின் வெப்பத்தையே முதன்மையாகக் கொண்டு, புகையைக் கழிவாகக் கருதியது. இன்று கொந்தளிப்புச் சுடர்களில் புகைக்கரி உருவாவதைக் கணிக்கும் மாதிரியுருக்கள் தனித்துறையாக வளர்ந்துள்ளன. அவை எந்தச் சுடரை வைத்து உருவாக்கப்பட்டன, எந்தச் சுடருக்குப் பொருந்தும் என்னும் வினாவை எட்டயபுரம் வட்டாரத்து விறகடுப்பை முன்வைத்து எழுப்பலாம்.

புகை என்னும் ஒரு சொல்

‘புகை’ என்னும் சொல் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறது. சீமைக்கருவேல விறகை அடுக்கி, தழையும் மண்ணும் கொண்டு மூடிக் கரிமூட்டம் போடும்போது வெண்புகை எழுகிறது. அங்குச் சுடர் இல்லை. விறகிலிருந்து ஆவியாகி வெளியேறிக் குளிர்ந்த தார்த்துளிகளும் நீராவியுமே அப்புகை. அடுப்புச் சுடரின் நுனியிலிருந்து எழும் கரும்புகை வேறு. அது சுடருக்குள்ளேயே பிறந்து, எரிந்து தீராமல் தப்பிய கரிமத் துகள். சுடரின் மஞ்சள் ஒளியே அத்துகள்கள் கனன்று தரும் ஒளி என்பதை மைக்கேல் ஃபாரடே 1860–61இல் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் மெழுகுவர்த்தியைக் கொண்டு விளக்கினார்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களுக்கு இந்தியா 2009இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5. இரண்டும் நிறையை மட்டுமே அளக்கின்றன. தார்த்துளியும் கரித்துகளும் ஒரே தராசில் ஏறுகின்றன. கரித்துகளோ சூரிய ஒளியை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குவது. தார்த்துளி பெரும்பாலும் ஒளியைச் சிதறச் செய்வது. ஓர் அடுப்பு எதனை எவ்வளவு தரும் என்பதை நிறை சொல்லாது. சுடருக்குள் நிகழ்வதை அறிந்தாலன்றி அதனைக் கணிக்கவும் இயலாது.

சராசரியின் பிழை

எரிபொருள் வெப்பத்தால் சிதைந்து அசிட்டிலீன் போன்ற சிறு மூலக்கூறுகளாகிறது. அவை இணைந்து பல்வளைய அரோமேட்டிக் சேர்மங்களாகி, அச்சேர்மங்கள் திரண்டு சில நானோமீட்டர் அளவுள்ள கருத்துகள்களாகின்றன. அவற்றின் மேற்பரப்பில் மேலும் கரிமம் படிகிறது. துகள்கள் மோதி ஒட்டிச் சங்கிலிகளாகின்றன. ஆக்சிசனும் ஹைட்ராக்சிலும் அவற்றை அரிக்கின்றன. அரிப்புக்குத் தப்பியதே புகைக்கரியாக வெளியேறுகிறது. மேற்பரப்பில் ஹைட்ரசன் நீங்கி அசிட்டிலீன் சேரும் வளர்ச்சி முறையை ஃபிரெங்க்ளாக், வாங் இருவரும் 1991இல் விரிவாகக் கணித்துக் காட்டினர். அதே ஆண்டில் லியூங், லிண்ட்ஸ்டெட், ஜோன்ஸ் ஆகியோர் துகள் எண்ணிக்கை, நிறை என இரு சமன்பாடுகளையும் முன்னோடியாக அசிட்டிலீனை மட்டுமே கொண்ட எளிய முறையை முன்வைத்தனர். பொறியியல் கணிப்புகளில் பின்னதன் செல்வாக்கு இன்றும் குறையவில்லை.

இவ்வேதியியலைக் கொந்தளிக்கும் ஓட்டத்துக்குள் வைக்கும்போதுதான் இடர் தொடங்குகிறது. சுடரின் ஒரு புள்ளியில் பாதி நேரம் 1,700 கெல்வினும் பாதி நேரம் 500 கெல்வினும் நிலவுவதாகக் கொள்வோம். சராசரி 1,100 கெல்வின். புகைக்கரி உருவாவதற்கு ஏறத்தாழ 1,400 கெல்வின் தேவை. எனவே சராசரியை நம்பும் கணக்கு அங்குக் கரியே இல்லை என்று சொல்லும். உண்மையில் அப்புள்ளியில் பாதி நேரம் கரி உருவாக இடமுண்டு. வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்த கதிர்வீச்சும் சராசரிக் கணக்கு தருவதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருக்கும்.

வெப்பநிலையின் ஏற்றத்தாழ்வைக் கலவைப் பின்னத்தின் நிகழ்தகவுப் பரவலால் ஓரளவு பிடித்துவிடலாம். புகைக்கரி அவ்வாறு பிடிபடுவதில்லை. அது மெல்லப் பிறக்கிறது. வாயுக்களைப் போல் எளிதில் விரவுவதுமில்லை. பிறந்த இடத்தை விட்டு ஓட்டம் இழுத்த வழியே மெல்லிய இழைகளாக நீள்கிறது. இழைக்கு உள்ளே அடர்ந்த கரி, வெளியே ஒன்றுமில்லை. கரியின் பரவலும் கலவைப் பின்னத்தின் பரவலும் ஒன்றையொன்று சாராதவை எனக் கொள்ளும் கணக்கு, ஆக்சிசன் உள்ள பகுதியிலும் கரியைப் பரப்பிவிட்டு, அதனை மிகையாக எரித்துவிடுகிறது. 2011இல் மியூலர், பிட்ச் இருவரும் பெருஞ்சுழல் உருவகப்படுத்தலில் கணிப்பு வலைக்கண்ணுக்குள் கரி உண்டு, இல்லை என இரு நிலைகளைப் பிரித்து வைத்தது இக்குறையை நேர்நின்று எதிர்கொண்ட முயற்சி. இத்துறையின் அண்மைக்கால முன்னேற்றங்களுள் அதுவே குறிப்பிடத்தக்கது எனல் மிகையன்று.

எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. வளர்ச்சியை மிகையாகக் கணிக்கும் மாதிரியுரு அரிப்பையும் மிகையாகக் கணித்தால், இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, கரியின் அளவு சோதனையோடு பொருந்திவிடும். கரியின் கன அளவுப் பின்னத்தை மட்டும் ஒப்பிட்டு மாதிரியுரு மெய்ப்பிக்கப்பட்டது என்று அறிவிக்கும் கட்டுரைகள் இதனால் வலுவிழக்கின்றன. துகளளவும் முன்னோடிச் சேர்மங்களின் அளவும் உடன் தரப்படாத பொருத்தம் அரைச்சான்றே.

எத்திலீனும் கருவேலமும்

மாதிரியுருக்களைச் சோதிக்கும் சுடர்களுள் பெரும்பாலானவை எத்திலீன் போன்ற தூய வாயு, குறுகிய குழாயிலிருந்து திறந்த வெளியில் பீறிடும் சுடர்கள். 2012இல் தொடங்கிய பன்னாட்டுப் புகைக்கரிச் சுடர்ப் பயிலரங்கும் ஒப்பீட்டுக்கு இத்தகைய சுடர்களையே பெரிதும் நாடுகிறது. அளவீட்டுக்கு எளிது என்பதால் அத்தேர்வைக் குறைகூற முடியாது. ஆனால் சீமைக்கருவேல விறகு எத்திலீன் அன்று. அதன் மரநாரைப் பிணைக்கும் லிக்னின் சிதையும்போது ஃபீனால் வகைச் சேர்மங்கள் வெளிப்படுகின்றன. அவற்றில் அரோமேட்டிக் வளையம் முன்னரே உள்ளது. அசிட்டிலீனிலிருந்து வளையம் கட்டுவதை முதற்படியாகக் கொண்ட முறை இங்குத் தொடக்கத்திலேயே தவறுகிறது. விறகின் ஈரம் வேறு நாள்தோறும் மாறுவது.

அடுப்பில் பாத்திரமும் உண்டு. சுடர் குளிர்ந்த பாத்திரத்தைத் தொடும் இடத்தில் அரிப்பு பாதியில் நிற்கிறது. வெப்பம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கம் நோக்கித் துகள்கள் தள்ளப்பட்டுப் பாத்திரத்தின் அடியில் படிகின்றன. ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி சேர்ப்போர் பயன்படுத்துவதும் இதே இரு விளைவுகளைத்தான். ஏட்டுச்சுவடிகளுக்கு மையாடப் பயன்பட்ட விளக்குக்கரியும் இவ்வழியே வந்தது. திறந்தவெளிச் சுடருக்கென அமைந்த மாதிரியுருவில் இச்சுவருக்கு இடமில்லை.

கலத்தல் குறித்தும் அடுப்பு பாடம் சொல்கிறது. ஊதுகுழலால் மெல்ல ஊதினால் சுடர் தெளிந்து கரும்புகை குறைகிறது; ஓங்கி ஊதினால் சுடர் அணைந்து வெண்புகை எழுகிறது. கலத்தல் விரைந்தால் கரி குறையும் என்பது ஓர் எல்லை வரையில்தான் உண்மை. அதற்கு அப்பால் கரியின் இடத்தைத் தார் பிடித்துக்கொள்கிறது. கரியை மட்டும் கணிக்கும் சமன்பாடு இவ்விரண்டாம் நிலையை வெற்றியாகவே பதிவு செய்யும். அடுப்பின்முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கோ அதுவே கண்ணெரிச்சல் மிகுந்த வேளை.

அடுப்பாய்வு இந்நாட்டுக்குப் புதிதன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உருவான அஸ்த்ரா அடுப்பு விறகுச் சிக்கனத்தையும் புகைபோக்கியையும் முதன்மைப்படுத்தியது. புகைபோக்கி புகையை வீட்டுக்கு வெளியே கொண்டு செல்கிறது. கரி உருவாவதை அது தடுப்பதில்லை. 2016இல் தொடங்கிய உஜ்வலா எரிவாயுத் திட்டத்துக்குப் பின்னரும் குளிக்க வெந்நீர் வைக்கவும் நெல் அவிக்கவும் விறகு எரியும் வீடுகள் உள்ளன. அவற்றின் பங்கைக் கணக்கிடும் உமிழ்வு மதிப்பீடுகளில் வெண்புகையும் கரும்புகையும் பிரிந்து நிற்க வேண்டும்.

அதற்கு முதலில் தேவைப்படுவது புதிய சமன்பாடு அன்று, அளவீடு: ஈரம் குறித்துவைத்த சீமைக்கருவேல விறகு, பாத்திரத்துடன் ஒருமுறை, பாத்திரமின்றி ஒருமுறை, ஊதுகுழலின் காற்று அளந்து தரப்பட்ட நிலையில் ஒருமுறை, ஒவ்வொன்றிலும் கரியும் தாரும் தனித்தனி வடிதாள்களில்.