மால்குடி: ஒரு ரயில் நிலையமும் ஒரு கெட்ட வார்த்தையும்

திருமுடிவாக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. பல்லாவரமோ தாம்பரமோ போய்த்தான் வண்டி பிடிக்கணும். தண்டவாளத்துக்கு வெளியே உட்கார்ந்து மால்குடியை வாசிக்கும்போது வேறு சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன.

1930இல் ஒரு விஜயதசமி நாளில் ஆர்.கே. நாராயணுக்கு முதலில் தோன்றியது ஊரல்ல, ஒரு சின்ன ரயில் நிலையம். பெயர்ப்பலகைக்குப் பிறகுதான் ஊர். 1935இல் அது 'ஸ்வாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' நாவலாக வந்தது. இதை வெறும் கற்பனை விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தாம்பரமும் குரோம்பேட்டையும் பெருத்தது அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டுதான். நிலையம் முன்னால், நகரம் பின்னால் என்பது காலனியம் எழுதிய கதையாடல். மால்குடி அதன் இலக்கியப் பிரதி.

சரி, தண்டவாளத்தை யார் போட்டாங்க?

1958இல் வெளியான 'தி கைட்' நாவலில் இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. மால்குடிக்குப் பாதை போடும் இடத்தில் சிறுவன் ராஜு விளையாடுகிறான். அங்கே வேலை செய்கிறவர்களிடமிருந்து ஒரு கெட்ட வார்த்தையைக் கற்றுக்கொள்கிறான். விஷயம் தெரிந்த அப்பா அவனைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறார். பிறகு ரயில் வருகிறது. அப்பாவுக்கு நிலையத்தில் கடை கிடைக்கிறது. ராஜு 'ரயில்வே ராஜு' ஆகிறான். மண் சுமந்தவர்கள் மறைந்துபோகிறார்கள். அவர்கள் விட்டுப்போனது அந்த ஒரு வசவுதான்.

நாராயணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வசவைக் கேட்ட காது அவருக்கு இருந்தது. அதைத் துடைத்துவிட்டு 'யாருக்கும் தீங்கில்லாத சிற்றூர்' என்று வாசித்தது நாம்தான், நமது திண்ணைப் பள்ளிக்கூட மனசுதான். தொலைக்காட்சித் தொடரில் மால்குடி நிலையமாக வந்த கர்நாடகத்தின் அரசாளு நிலையத்தில் இன்று மால்குடி அருங்காட்சியகமே இருக்கிறது. இல்லாத ஊருக்கு நினைவுச்சின்னம் கிடைத்துவிட்டது. இருந்த உழைப்பாளிகளுக்கு?

எங்கள் ஊர் சிட்கோ தொழிற்பேட்டைக்கு வரும் பீகார், ஒடிசா இளைஞர்களை ஷேர் ஆட்டோவில் தினமும் பார்க்கிறேன். ரயிலேறி வந்து இந்த நகரத்தைக் கட்டுகிறவர்கள். அவர்கள் மொழியில் நமக்குத் தெரிந்ததும் ஒன்றிரண்டு வசவுகள்தான். அந்த வசவுக்கு அடுத்த வாக்கியத்தை நம்மில் யார் கேட்டு எழுதப்போகிறோம்?