அச்சத்தின் நிலைக்களன்களும் ‘பீட்சா’ திரைப்படமும்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகிய அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினிடத்தே பிறக்கும் என்றார். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு இதனை விளக்க உரையாசிரியர் வேண்டுவதில்லை. ஹட்டன், நுவரெலியா மலைகளின் லயக் காம்பராக்களில் இரவிற் சொல்லப்படும் முனிக்கதைகள் அணங்கின்பாற்படும். தேயிலைச் செடிகளிடையே பதுங்கும் சிறுத்தை விலங்கின்பாற்படும். துரைக்கும் கங்காணிக்கும் அஞ்சிப் பிரட்டுக்களத்தில் நின்ற முன்னோரின் நடுக்கமோ இறையின்பாற்படும். இவ்வளவைகொண்டு, 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பீட்சா’ என்னும் தமிழ்ப்படத்தை ஈண்டு நோக்குவது பொருத்தமுடைத்து.

கார்த்திக் சுப்புராஜ் இயக்கிய முதற் படமாகிய இது, சிறுபொருட் செலவில் எடுக்கப்பட்டது. பீட்சா கொண்டுசென்று கொடுக்கும் தொழிலாளியாகிய மைக்கேல், இரவில் ஒரு மாளிகையினுள் அகப்படுகின்றான். மின்விளக்கு அணைகின்றது, எஞ்சுவது அவன் கையிலுள்ள டார்ச்சு விளக்கொன்றே. அவ்வொளி படும் இடம் சிறிது; படாத இடமோ பெரிது. அப்பெரிய இருளை நிரப்பும் பொறுப்பு பார்ப்போன் நெஞ்சினதாகின்றது. பொருட்குறை இங்குக் கலைநிறையாயிற்று. 1942இல் வால் லூட்டன் தயாரிக்க, ஜாக் தூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ என்னும் அமெரிக்கப் படமும் இவ்வழியதே. சிறுத்தையைப் பெரும்பாலும் நிழலாலும் ஒலியாலுமே உணர்த்தி, விலங்கச்சத்தை அது விளைத்தது.

ஆயினும், ‘பீட்சா’வின் தனிச்சிறப்பு இருளன்று. மாளிகையில் நிகழ்ந்தனவாக மைக்கேல் கூறியவை அனைத்தும் புனைவு எனப் பிற்பகுதியில் வெளிப்படுகின்றது. முதலாளி மறைவாகக் கொடுத்தனுப்பிய வைரங்களைக் கைப்பற்றிய அவனும் அவன் துணைவி அனுவும், தப்பும்பொருட்டுச் சமைத்த கதையே அது. முதலாளியின் மகளை ‘நித்யா’ என்னும் ஆவி பற்றியிருந்தமையை முன்னரே கண்டறிந்த மைக்கேல், அப்பெயரையே தன் கதையில் வைக்கின்றான். முதலாளி நம்பிவிடுகின்றான். ஈண்டு, கள்வராகிய எளியோர் அணங்கச்சத்தைக் கருவியாகக் கொண்டு இறையச்சத்தை வெல்கின்றனர். அச்சம் புறத்தினின்று புகுத்தப்படுவதன்று. கேட்போன் நெஞ்சில் முன்னரே உறங்குவது. கதை அதனை எழுப்புகின்றது. படம் நிறுவும் உண்மை இதுவே.

குறையும் உண்டு. சில இடங்களில் திடுமென எழும் பேரொலி அச்சத்தினும் அதிர்ச்சியையே தருகின்றது. அதிர்ச்சி நொடியில் அகலும். அச்சமோ வீடுவரை உடன்வரும். இன்னும், அனைத்தும் பொய்யென்றறிந்தவிடத்துப் பார்ப்போன் தானும் வஞ்சிக்கப்பட்டதாக உணர்தல் கூடும். இறுதிக்காட்சி இக்குறையை நிறைக்கின்றது. அணங்கை நம்பாது அதனை விற்றவன், மற்றொரு வீட்டின் அடைத்த கதவுக்குள் அதனையே எதிர்கொள்கின்றான்.

முனிக்கதை சொல்லும் முதியவர் எந்த முனியையும் காட்டுவதில்லை. கதை கேட்ட சிறுவனோ அன்றிரவு வாசலுக்கு வெளியே கால்வைக்க அஞ்சுகின்றான். பொருளில்லாத அம்முதியவரின் கலையே ‘பீட்சா’வின் கலையுமாம்.